வினாடிக்கு 140 மின்வெட்டு

ஆயாவின் கட்டில் கூடத்துக்கு வந்த நாளிலிருந்து இரவு வெளிச்சம் எங்கள் வீட்டின் தீராத பஞ்சாயத்தாகிவிட்டது. கூரையோரம் தம்பி ஒட்டிவிட்டுப் போன ஐந்து மீட்டர் எல்இடி பட்டை முழுதாக எரிந்தால் ஆயாவுக்குத் தூக்கம் வராது; அணைத்துவிட்டாலோ, நள்ளிரவில் எழுந்து நடக்கும்போது கால் எதில் இடிக்கும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஜீரோ வாட் பல்பு ஒன்று வாங்கி மாட்டலாம் என்று அம்மா சொன்னார். அந்தப் பெயரே ஒரு மோசடி என்றும், பழைய இழை பல்புகள் ஜீரோ என்று சொல்லிக்கொண்டே 15 வாட் வரை இழுத்தன என்றும் அப்பா தொடங்கியவர், இரவுச் சாப்பாடு முடிகிற வரை நிறுத்தவில்லை. மின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கும் வீட்டில் பல்பைத் தவிர மற்ற எல்லா விளக்கமும் கிடைக்கும்.

நேரத்தை அளந்து மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் 555 டைமர் ஐசி என்ற சில்லை வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றை நானே கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். எத்தனை வோல்ட் என்று அப்பா கேட்டார். பன்னிரண்டு என்றேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்த பிறகு, விழுந்து கிடந்த கம்பங்களுக்கு நடுவில் பல நாட்கள் வீட்டுக்கே வராமல் நின்ற மனிதர் அவர். அவரிடம் பன்னிரண்டு வோல்ட் என்று சொல்லும்போது யாருக்கும் குரல் தானாக இறங்கிவிடும். அவர் பதில் எதுவும் சொல்லாமல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அந்த ஐசியின் வயதைச் சொன்னபோதுதான் செய்தித்தாள் கொஞ்சம் தாழ்ந்தது. ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971-இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பா அரை டிராயரோடு கெடிலம் ஆற்றில் குதித்துக்கொண்டிருந்த காலம் அது. எட்டுக் கால்கள் மட்டுமே உள்ள அந்தச் சில்லு இன்றைக்கும் ஒரு தேநீர் விலைக்குக் கடையில் கிடைக்கிறது என்றதும், “அப்போ உருப்படியான சரக்குதான்” என்றார். பழையது என்பதைத் தவிர வேறு எந்தச் சான்றிதழையும் அவர் ஏற்பதில்லை.

ஐசி வெளியே தரக்கூடிய மின்னோட்டம் அதிகம் போனால் 200 மில்லி ஆம்பியர். எங்கள் பட்டையோ 24 வாட், அதாவது இரண்டு ஆம்பியர் கேட்கிறது. ஆகவே ஐசியின் சொல்படி பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சாக நடுவில் ஒரு மாஸ்ஃபெட் தேவைப்பட்டது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு, அதைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர், மின்தடையைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் கடலூரிலேயே கிடைத்துவிட்டன. மாஸ்ஃபெட்டுக்காக மட்டும் புதுச்சேரிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். திரும்பும் வழியில், எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியில் பை இருந்தால் பைக்குள் பாட்டில் இருக்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. பெரும்பாலும் பொய்க்காத நம்பிக்கையும்கூட. என் பையிலிருந்து சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரு அடாப்டரும் வந்ததில் அந்தப் பெண் காவலருக்கு முதலில் ஏமாற்றம்தான். சின்ன உறையைத் தூக்கிப் பிடித்து இது என்னவென்று கேட்டார். டைமர் சர்க்யூட்டுக்கு வாங்கிய பொருள் என்று பதில் சொன்னேன். அவருடைய முகம் மாறிய வேகத்தில், பாட்டிலாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “எதுக்கும்மா டைமர்?” என்றார். “எங்க ஆயா தூங்கறதுக்கு மேடம்” என்றேன். இதைவிடச் சந்தேகத்துக்குரிய பதிலை நான் யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பிறகு சாவடி ஓரத்தில் நின்று முழுச் சர்க்யூட்டையும் விளக்க வேண்டியதாயிற்று. முடிவில் அவர், தன் வீட்டிலும் மாமியார் கூடத்தில்தான் படுக்கிறார் என்றும், செலவு எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்தார்.

சர்க்யூட்டைக் கட்டுவதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சால்டரிங் புகையில் அம்மா இருமினார், அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் கொடுத்ததும் விளக்கு மங்குவதற்குப் பதிலாகப் படபடவென்று துடித்தது. ஆயா எழுந்து உட்கார்ந்து, “மாசி மகம் வந்துடுச்சா?” என்று கேட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் புறப்பட அவர் செருப்பைத் தேடுவதற்குள் நான் அடாப்டரைப் பிடுங்கினேன். உள்ளே பார்த்தால், 104 என்று கேட்ட கெப்பாசிட்டருக்குக் கடைப் பையன் 105 கொடுத்திருந்தான். பத்துக்குப் பின்னால் நான்கு சுழியா ஐந்து சுழியா என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு சுழியில் கொள்ளளவு பத்து மடங்காகி, வினாடிக்கு ஏறக்குறைய 140 முறை எரிந்து அணைய வேண்டியது 14 முறையாகக் குறைந்துவிடுகிறது. பதினான்கு முறை எரிந்து அணைவதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

சரியான கெப்பாசிட்டரை மாற்றிய பிறகு, திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் நிதானமாக இறங்கியது. ஆயா படுத்துவிட்டார். அப்பாதான் எழுந்து வந்தார். வோல்டேஜைக் குறைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, வோல்டேஜ் அதே பன்னிரண்டுதான், விளக்கைத்தான் விட்டு விட்டு எரியவிடுகிறேன் என்றேன். புரியவில்லை என்றார். நம் மாடித் தொட்டி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கெப்பாசிட்டர்தான் தொட்டி. அது எட்டு வோல்ட் வரை நிரம்பினால் மேல் அளவு, ஐசி மோட்டாரை நிறுத்திவிடும். நாலு வோல்ட்டுக்கு வடிந்தால் கீழ் அளவு, மறுபடி போட்டுவிடும். நிரம்புகிற நேரமெல்லாம் விளக்கு எரியும், வடிகிற நேரமெல்லாம் அணைந்திருக்கும். இரண்டு டையோடுகள் இருப்பதால் நிரம்பும் வழி வேறு, வடியும் வழி வேறு. திருகைத் திருப்பினால் ஒன்றில் குறைகிற நேரம் மற்றதில் கூடும்.

அப்பா வெகு நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ இப்போ பாதி நேரம் கரண்ட் இல்லைன்னு சொல்ற” என்றார். ஆமாம் என்றேன். “இதைத்தானே நாங்க பவர் கட்டுன்னு சொன்னோம்? ஊரே திட்டுச்சே” என்றார்.

அவர் சொன்னதில் விளையாட்டு இருந்ததா என்று எனக்கு உடனே தெரியவில்லை. 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற காலத்தில், அலுவலகத் தொலைபேசியை எடுக்கும் வேலை அவருக்கு வாய்த்திருந்தது. வீட்டில் தொலைபேசி ஒலித்தாலும் அவர் தோள் லேசாகத் தூக்கிப்போடும். யாரோ திட்டுவதற்கு முன்னாலேயே “வந்துடும் சார்” என்று சொல்லிக்கொண்டே எடுப்பார். அம்மாவின் அண்ணன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அழைத்தபோதுகூட அப்படித்தான் எடுத்தார். இப்போது அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். வினாடிக்கு 140 என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். “அஞ்சு லட்சம் கட்டு, ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அத்துடன் விட்டாரா என்றால், இல்லை. பார்க்காமல் எதையும் நம்பமாட்டார் என்பதால், சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்து விளக்குக்கு நேராக வேகமாக வீசிப் பார்க்கச் சொன்னேன். அணைந்து எரிகிற வெளிச்சத்தில் ஒரு டெஸ்டர் பல டெஸ்டர்களாகத் துண்டு துண்டாகத் தெரிந்தது. நள்ளிரவு தாண்டியும் அவர் வீசிக்கொண்டிருந்தார். ஆயா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மகனுக்கு வேப்பிலை அடிக்க வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மறுநாளிலிருந்து அந்தத் திருகு பொதுச்சொத்தாகிவிட்டது. பால்காரர் முதல் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வரை வருகிறவர்களையெல்லாம் அப்பா கூட்டிவந்து, கையில் டெஸ்டரைக் கொடுத்து வீசச் சொல்கிறார். ஆயாவுக்கென்று நான் பென்சிலால் குறித்துவைத்த இடத்தில் அந்தத் திருகு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. ஆயா அணைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தால், பாதி அணைந்துதான் இருக்கிறது என்று அப்பா பதில் சொல்கிறார்.

நேற்று மாலை தெரு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்பா ஓய்வு பெற்றது இந்தத் தெருவில் யாருக்கும் உறைக்கவில்லை என்பதால் வழக்கம்போல் முதல் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. கடைசி வீட்டு மாமா பேசினார். இந்த முறை அப்பாவின் தோள் தூக்கிப்போடவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “தொட்டி இப்போ வடியுது சார், கீழ் அளவுக்கு வந்ததும் தானா வந்துடும்” என்றார். மறுமுனையில் மாமா பதறிப்போய், அவர்கள் வீட்டுத் தொட்டி மதியமே காலியாகிவிட்டது என்றும், தண்ணீர் இல்லாமல் மாமி பாத்திரத்தோடு நிற்கிறார் என்றும் முறையிட்டது எனக்கே கேட்டது.