கோதுமையை நிறுத்துவதற்கு முன்

சீலியாக் நோய் இருக்குமோ என்று பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே சப்பாத்தியையும் பிரெட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது கைபேசியில் பார்த்திருப்பார்கள். நிறுத்தியதும் வயிறு லேசானதாகவும் சொல்வார்கள். உணவு ஆலோசனைப் பணியில் இதைவிடச் சங்கடமான நிலை வேறில்லை. அப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால், அதை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

காரணம் எளிது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, மரபுவழியாக அதற்கு இடம்கொடுக்கும் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகின்றன. இது அலர்ஜி இல்லை, தன்னெதிர்ப்பு நோய். அந்தத் தாக்குதலின்போது ரத்தத்தில் சேரும் எதிர்ப்பொருளைத்தான் பரிசோதனைக்கூடம் அளக்கிறது. குளூட்டன் வரத்து நின்றால் எதிர்ப்பொருளும் சில மாதங்களில் வடியும், சிதைந்த குடலுறிஞ்சிகளும், அதாவது உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளும், மெல்லத் திரும்பும். பிறகு எண்டோஸ்கோப்பி செய்தாலும் தெளிவான விடை கிடைக்காது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் நாளொன்றுக்குக் குறைந்தது 3 கிராம் குளூட்டன், அதாவது இரண்டு துண்டு பிரெட், இரண்டு வாரம் சாப்பிட்டுப் பரிசோதிப்பது ஒன்று. தாங்க முடிகிறவர்களுக்கு இதை ஆறு, எட்டு வாரம்வரை நீட்டுவார்கள். இன்னொன்று எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் இல்லை என்றே அநேகமாக முடிவுகட்டலாம். இருந்தால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. நம் நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணு உண்டு, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நோய் யாருடைய நினைவுக்கும் சட்டென்று வராததற்கும் நியாயம் இருக்கிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது தட்டு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். இங்கே நோய் குறைவு என்பது உண்மை. ஆனால் மரபணு இல்லாத மண் இது இல்லை. சுகர் வந்ததும் இரவுச் சோற்றைச் சப்பாத்தியாக மாற்றுகிறார்கள், காலைப் புட்டு கோதுமைப் புட்டாகிறது, பிள்ளைகள் மாலையில் பரோட்டாக் கடைக்குப் போகிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் 25 கிராம் எப்போதோ தாண்டிப்போயிருக்கும்.

வயிற்றோட்டம், வயிற்று உப்பசம், எடை இறங்குதல் என்று பாடப்புத்தகம் சொல்கிறபடியே வருகிறவர்கள் குறைவு. பெரியவர்களிடம் அடிக்கடி தெரிவது ரத்தசோகை. இரும்புச்சத்து பெரும்பகுதி உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில், சீலியாக் முதலில் சிதைப்பதும் அதே இடத்தை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையை மாற்றுவதோடு நிற்காமல், ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டும். டீ, காபியோடு விழுங்குகிறாரா? கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே போடுகிறாரா? மாதவிலக்கில் அதிகம் போகிறதா? ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர் என்றால் கொக்கிப்புழு இருக்கிறதா? இவையெல்லாம் இல்லையென்றால் அடுத்த கேள்வி குடலைப் பற்றியது. ஐந்தாறு ஆண்டுகளாக இரும்பு மாத்திரைச் சீட்டு மட்டும் புதுப்பிக்கப்பட்டு வரும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது, அந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்கலாம்.

ஆறாத வாய்ப்புண், பல் எனாமலில் குழியும் கோடும், முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கொத்தாக வந்து கடுமையாக அரிக்கும் கொப்புளம், காரணம் தெரியாமல் ஏறிய கல்லீரல் நொதி, அடிக்கடி கலையும் கரு, கைகால் மரத்துப்போதல் ஆகியவையும் இதே நோயின் முகங்களாக இருக்கலாம். முதல் வகைச் சர்க்கரை நோயோ தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயோ உள்ளவர்களிடம் இது சற்று அதிகம். சிலருக்கு வயிற்றோட்டத்துக்குப் பதில் மலச்சிக்கலே இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பார்கள், வீட்டில் மால்ட் பானம் கலக்குவார்கள். சத்துமாவில் கோதுமை இருக்கிறது, மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. மற்ற பிள்ளைகளைத் தேற்றும் இந்த உணவு சீலியாக் உள்ள பிள்ளையை மேலும் இளைக்க வைக்கும். 'எவ்வளவு கொடுத்தும் உடம்பில் ஒட்டவில்லை' என்று ஒரு தாய் சொன்னால், என்ன கொடுத்தார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வேலையின் முதல் வரி.

முதல் பரிசோதனை டிடிஜி-ஐஜிஏ, சீலியாக் எதிர்ப்பொருளில் ஐஜிஏ என்ற வகையை அளக்கும் ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டு வாங்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ பொய்யாக நெகட்டிவ் காட்டும், ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருள் வகையை அளக்கும் பரிசோதனைதான் உதவும். நாகர்கோவில், மார்த்தாண்டத்தில் ரத்தம் எடுக்கும் சிறிய கூடங்கள் பலவும் மாதிரியை வெளியூர்ப் பெரிய கூடத்துக்கு அனுப்புகின்றன. கூடத்துக்குக் கூடம் அளவுகோல் மாறும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அச்சிட்ட இயல்பு உச்சவரம்பைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். குழந்தைகளில் அது பத்து மடங்குக்கு மேல் இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனையும் பாசிட்டிவானால், 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி பயாப்சி (குடல் திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே உறுதிசெய்யலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி தேவை. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு துணுக்கு, அதன் தொடக்கக் குமிழில் ஒன்றிரண்டு துணுக்கு எடுக்க வேண்டும், சிதைவு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால். ஒரே ஒரு துணுக்கு எடுத்த அறிக்கையை வைத்து 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறான பிழையும் நம் பக்கத்தில் நடக்கலாம். குடலுறிஞ்சி தட்டையானதெல்லாம் சீலியாக் ஆகிவிடாது. தென்னிந்தியாவில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயும் அதே படத்தைக் காட்டும். ஜியார்டியா ஒட்டுண்ணியும் ஓரளவு காட்டும். ஸ்ப்ரூவில் பி12 நன்றாக இறங்கியிருக்கும், டிடிஜி பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் தேறிவிடும். ஸ்ப்ரூ உள்ளவருக்கு ஆயுள் முழுக்கக் கோதுமையை விலக்கச் சொல்வது வீண் தண்டனை. எதிர்ப்பொருளும் திசுவும் ஒன்றையொன்று ஆமோதிக்கும்வரை நாங்கள் உணவுத் திட்டம் எழுதித் தருவதில்லை.

நோய் உறுதியானதும் சத்துக் குறைபாட்டை அளந்து பார்க்க வேண்டும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), ஃபோலேட், பி12, வைட்டமின் டி, கால்சியம், முடிந்தால் துத்தநாகம், தைராய்டுக்கு டிஎஸ்எச். பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தி. குடல் ஆறாத காலத்தில் இரும்பு மாத்திரை சரியாக ஏறாது, ரத்தசோகை கடுமையென்றால் மருத்துவர் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார். வைட்டமின் டி மருந்தைக் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக ஏறும். பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சியின் நுனியில் சுரப்பதால், முதல் சில வாரங்களில் பால் குடித்தால் வயிறு பொருமும். தயிர் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும், குடல் ஆறியதும் பாலும் திரும்ப வரும்.

இனி அடுப்படி. வடக்கே அச்சிட்ட உணவு அட்டவணைகள் கோதுமை ரொட்டிக்குப் பதில் எந்த ரொட்டி என்று தேடுகின்றன. குமரி வீட்டுக்கு அந்தத் தேடல் தேவையில்லை. புட்டு, இடியாப்பம், ஆப்பம், சம்பா அரிசிச் சோறு, கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும், ஏத்தன் பழம், மட்டிப் பழம் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. தேங்காய் அரைத்த பருப்புக்கறி, அவியல், எரிசேரி, தீயல் ஆகியவற்றுக்குப் பெருங்காயம்கூடத் தேவையில்லை. முள்ளோடு தின்னும் நெத்தோலி கால்சியம் தரும், மீன் பி12 தரும், முருங்கைக் கீரையும் எள்ளும் கூடச் சேரட்டும். விலை கூடிய குளூட்டன் இல்லாத பிஸ்கட் பொட்டலங்களை வாங்கச் சொல்லி நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை.

தவறுவது சின்னச் சின்ன இடங்களில். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே குளூட்டன் போனால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. 50 மில்லிகிராம் தினமும் போனால் குடல் சிதையும். ஒரு பரோட்டாவில் ஏறக்குறைய 5,000 மில்லிகிராம் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பது வழக்கம். கால் கிராம் சிட்டிகையில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால், ஒரு பாத்திரம் ரசத்தில் 10 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் குளூட்டன் விழும். நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 3. ரசம், சாம்பார், மோர் என்று மூன்றிலும் போட்டால் வரம்பைத் தொட்டுவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, சேர்மானத்தைப் படித்து வாங்க வேண்டும்.

மாவு மில்லை நேரில் பார்த்தால்தான் விஷயம் புரியும். அரைவை இயந்திரத்தின் வாயில் நீளமான துணிக்குழாய் கட்டியிருக்கும். மாவு அதன் வழியாகத்தான் டின்னில் விழும். முந்தின ஆள் அரைத்த கோதுமை அந்தத் துணியின் மடிப்பிலும் கல்லின் பள்ளத்திலும் தங்கியிருக்கும். ஒருவர் கையால் இரண்டு தட்டு தட்டினால் வெள்ளைத் தூசி பறக்கும். அடுத்து நம் புட்டரிசியோ கேழ்வரகோ விழுந்தால், அதோடு அதுவும் சேர்ந்து வீட்டுக்கு வரும். மல்லி, மிளகாய்ப் பொடிக்கும் இதே கதி. எங்கள் பரிந்துரை: ஊறவைத்து உலர்த்திய அரிசியை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். மிக்ஸி முடியாதென்றால் கோதுமையே அரைக்காத மில்லைத் தேடுங்கள். மாவு அரிப்பு (சல்லடை), சப்பாத்திக் கட்டை, புட்டுக்குழல், தோசைக்கல் ஆகியவை நோயாளிக்குத் தனியாக இருக்க வேண்டும். அரிப்பின் வலைக்கண்ணில் ஒட்டிய மாவு எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது. பூரி பொரித்த எண்ணெயில் பப்படம் பொரிக்கக் கூடாது.

வெளியில் ரவை, சேமியா, பழம்பொரி, பொரித்த கோழி, சோயா சாஸ், மால்ட் சேர்த்த கார்ன்ஃபிளேக்ஸ் எல்லாம் ஆகாது. முந்திரிக்கொத்தின் மேல்மாவிலும் அச்சு முறுக்கிலும் பேக்கரிக்காரர் மைதா கலந்திருக்கலாம், வீட்டில் பச்சரிசி மாவில் செய்தது நல்லது. ஓட்ஸை முதல் வருடம் விட்டுவிடலாம், கலப்படம் அதிகம். பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா உப்புமா வரும் நாட்களைக் கேட்டறிந்து, தலைமை ஆசிரியருக்கு மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்து, அன்று வீட்டிலிருந்து இட்லி கொடுத்தனுப்ப வேண்டும். கல்யாண வீட்டில் கோதுமைப் பாயசத்தை எல்லாரும் கவனிப்பார்கள், சாம்பாரின் பெருங்காயத்தைக் கவனிக்க மாட்டார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது நற்கருணை அப்பத்தைப் பற்றி. அது கோதுமையால் ஆனது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று வத்திக்கான் 2003-இல் தெளிவாக்கி, 2017-இல் மீண்டும் உறுதிசெய்தது. திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் வாங்கவும் அனுமதி உண்டு. அப்படி வாங்குவதென்றால், அப்பத் துண்டு இடாத தனிக் கிண்ணமாக இருக்க வேண்டும். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சங்கடம் இல்லை. மற்ற சபையினர் திருவிருந்துக்கு முன் ஆயரிடம் கேட்கலாம்.

உணவு மாறிய சில வாரங்களில் வயிறு தேறும். எதிர்ப்பொருள் இயல்புக்கு வர ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும், பெரியவர்களில் குடல் ஆற அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். டிடிஜியை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் பார்ப்போம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வோம். எண் இறங்கவில்லையென்றால் திட்டுவதில் பயனில்லை. பெருங்காய டப்பா, மில், அரிப்பு, டீக்கடைப் பலகாரம், லேகியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வீட்டில் இருக்கும் பொட்டலங்களை எடுத்துவரச் சொல்லி, சேர்மானத்தைச் சேர்ந்து படிப்போம். அங்கேயும் எதுவும் அகப்படவில்லையென்றால் குடல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பி, மறுபடி எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று அவர் பார்க்க வேண்டும்.