காண்பன என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. இந்த 25 எப்படியும் வந்துவிடும் என்ற நினைப்பு பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பள்ளிகளிலும் ஊறிப்போயிருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடியும்வரை ஆய்வகம் பூட்டியே கிடக்கும். அப்புறம் ஒரே வாரத்தில் எல்லாச் சோதனைகளையும் ஆசிரியர் மேசையில் செய்து காட்டிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டு போன வருடத்து அக்காவின் நோட்டிலிருந்து இறங்கும். படம் அழகாக இருக்கும், கணக்கு சரியாக இருக்கும், லென்ஸைத் தொட்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

இப்போதுள்ள பள்ளியில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அறிவியலில் நாங்கள் இரண்டு பேர். நான் தாவரவியல் படித்தவள், சார் இயற்பியல். பாடப்புத்தகம் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கும் இருக்கின்றன. யார் எந்த வகுப்பை எடுத்தாலும் நான்கையும் நடத்தியாக வேண்டும். அதனால் செய்முறைக்கு மட்டும் வகுப்பை மாற்றிக்கொள்கிறோம். என் பிள்ளைகளுக்கு ஒளியியல் சோதனைகளை அவர் நடத்துவார், அவர் பிள்ளைகளுக்குச் செடி கொடிகளை நான் பார்த்துக்கொள்வேன். புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு என்னாகும் என்று அவர் கேட்டது நியாயம்தான். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு அதன் பாட்டுக்கு நடக்கிறது.

நாங்கள் வைத்திருக்கும் கட்டாயம் ஒன்றுதான். சோதனை தொடங்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று ரஃப் நோட்டில் எழுத வேண்டும். முடிந்ததும் கண்ணில் பட்டதைக் 'காண்பன' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். அதன் பிறகுதான் புத்தகம்.

குவிலென்ஸ் சோதனையைப் பாருங்கள். வராண்டாவில் நின்று, மைதானத்து வேப்பமரத்தின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைப்பது. மரம் தலைகீழாக விழும், அதுவும் பச்சை நிறத்தோடு, காற்றில் அசைந்தபடி. முதல் முறை பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் லென்ஸைக் கையில் திருப்பிப் பார்ப்பார்கள், பிம்பம் நிமிர்ந்துவிடுமா என்று. திருப்பட்டும் என்று சார் விட்டுவிடுவார். அப்புறம், லென்ஸின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பம் என்னாகும் என்று கேட்பார். பாதி மரம் காணாமல் போகும் என்றே அநேகமாக எல்லோரும் எழுதுவார்கள். மறைத்தால் முழு மரமும் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் குறையும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸ் முழுவதிலும் படுகிறது, மீதிப் பாதி வழியாகப் போகும் ஒளியே முழு பிம்பத்தையும் உண்டாக்கப் போதும் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் உடனே ஏறுகிறது. (லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

குவியத் தொலைவு 10 செ.மீ. உள்ள லென்ஸில் பொருளை 20 செ.மீ.யில் வைத்தால் பிம்பமும் 20இல் விழ வேண்டும். கையால் அளந்தால் 19.6 வரும், 20.5 வரும். அதிலிருந்து கணக்கிட்ட குவியத் தொலைவு அட்டவணை முழுக்க அச்சடித்தாற்போல் 10, 10, 10 என்று இருந்தால் அது விடையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. 9.8 என்று எழுதி வரும் பிள்ளையை நான் அணைத்துக்கொள்வேன்.

என் பக்கத்துச் சோதனை ஹைட்ரில்லா, ஒளிச்சேர்க்கையில் செடி ஆக்சிஜனை விடுகிறது என்று காட்டுவது. ஹைட்ரில்லா என்பது நீருக்குள் வளரும் வேலம்பாசிதான், எங்கள் ஊர் வாய்க்காலில் தாராளமாகக் கிடைக்கிறது, அன்று காலையில் பறித்ததாக இருக்க வேண்டும். வெட்டிய தண்டு முனைகள் மேல்நோக்கி இருக்கும்படி புனலுக்குள் அடக்கி, பீக்கர் நீரில் முக்கி, நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கட்டைவிரலால் மூடிக் கவிழ்க்க வேண்டும். குழாயில் காற்று ஏறாமல் கவிழ்ப்பதுதான் கஷ்டம். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கிடைக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் தண்டு முனையிலிருந்து குமிழிகள் மணி கோத்தாற்போல் வரிசையாகக் கிளம்பும். நிழலுக்கு நகர்த்தினால் வேகம் குறையும். யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் 1779இல் நீருக்குள் இலைகளை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். வெயிலில் குமிழி வந்தது, இருட்டில் நின்றது. எட்டாத அறிவியல் என்று எதுவும் இல்லை, அவர் பார்த்ததை நம் பிள்ளைகள் வாய்க்கால் பாசியில் பார்க்கிறார்கள்.

வாயு சேர நேரமாகும் என்பதால் காலை வழிபாட்டுக்கு முன்பே வெயிலில் வைத்துவிட்டு, கடைசிப் பாடவேளையில் கங்குள்ள ஊதுபத்தியைக் காட்டுவோம். கங்கு குபீரென்று பற்றும் என்று படித்துவிட்டு வருவார்கள். பல நாள் அது கொஞ்சம் பிரகாசமாவதோடு சரி. நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் குழாயில் சேர்வதால் அது சுத்தமான ஆக்சிஜன் அல்ல. "மிஸ், பிரகாசமாச்சுன்னு எழுதினா மார்க் குறையுமா?" என்று கேட்பார்கள். குறையாது, பார்த்ததை எழுது, ஏன் என்பதையும் சேர்த்து எழுது என்பேன்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள், சோடாவை நிறையப் போட்டால் குமிழி இன்னும் வேகமாக வருமா என்று. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. வருகிற புதன்கிழமை மூன்று பீக்கரில் மூன்று அளவு போட்டுப் பார்க்கிறோம். அதிகம் போட்டால் செடி வாடிவிடும் என்று பாதி வகுப்பும், வேகம் கூடிக்கொண்டே போகும் என்று மீதியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெயில் மட்டும் அடிக்க வேண்டும்.