ஆயில் ஹோஸ்களைக் கட்டிய கதை, இரண்டாம் முறை

கூலன்ட் குழாயின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி படிந்திருந்தது. தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன். பொடி போனது. அடியில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். அது அலுமினியக் குழாய். அதை உரசிக்கொண்டு போனது, நான் பெருமையோடு கட்டி முடித்திருந்த ஆயில் ஹோஸ். வண்டி இன்னும் ரோட்டையே பார்க்கவில்லை. ஷெட்டுக்குள் நின்றபடி எஞ்சின் மொத்தமாக நாலு மணி நேரம் ஓடியிருந்தால் அதிகம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஊர்ந்தது ஹோஸின் மேலிருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல். அது கிட்டத்தட்ட ஓர் அரம். பெயின்ட், அலுமினியம், ஒயரின் தோல், பக்கத்து ஹோஸ் என்று எது அகப்பட்டாலும் அறுக்கும்.

என் வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குழாய்களை வெல்டிங் செய்து நானே கட்டும் இரண்டு இருக்கை கார். எஞ்சின் வேறொரு காரிலிருந்து எடுத்தது. அதன் ஆயில் ஃபில்டர் இருக்கவேண்டிய இடத்தில் சேஸிஸின் குறுக்குக் குழாய் வந்துவிட்டதால், ஃபில்டரை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டுக்கு மாற்றினேன். ஆயில் கூலர் வண்டியின் மூக்கில். ஆக மூன்று ஹோஸ்: எஞ்சினிலிருந்து ஃபில்டருக்கு, ஃபில்டரிலிருந்து கூலருக்கு, கூலரிலிருந்து திரும்ப எஞ்சினுக்கு. பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் இந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகிறது. மூன்றில் ஒன்று பிய்ந்தாலும் சில நொடிகளில் பேரிங் காலி. வெளியே வந்த ஆயில் எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீ, டயருக்கடியில் போனால் வண்டி சுழலும்.

அழுத்தம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எஞ்சின் சூடானபின் 4 முதல் 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). ஆயில் ஆறிக் கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டர் 7 வரை ஏறுகிறது. மண் அள்ளும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் ஹோஸ்கள் 200 பாருக்கு மேல் பார்ப்பவை. அவற்றோடு வேலை செய்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். என் ஹோஸும் இந்த 7 பாரைப் போலப் பல மடங்கு தாங்கக்கூடியதுதான். அதனால்தான் முதல் முறை அலட்சியமாக இருந்துவிட்டேன். ஹோஸ் அழுத்தத்தால் வெடிப்பது அபூர்வம். உரசல், முறுக்கு, சூடு, ஹோஸின் முனையை இணைக்கும் ஃபிட்டிங்கின் கழுத்தில் விழும் ஓயாத வளைவு, இந்த நாலும்தான் அதைக் கொல்கின்றன.

முதல் முறை செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் ஒரு கட்டு கேபிள் டை இருந்தது. அருகில் எந்தக் குழாய் இருந்ததோ அதோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். பார்க்க அழகாக, விறைப்பாக இருந்தது. சாதாரண நைலான் டை தொடர்ந்து தாங்கும் சூடு 85 டிகிரி அளவுதான். எஞ்சின் ஆயிலோ 100 டிகிரியைத் தாண்டிப் போகும். நாலு மணி நேரத்தில் இரண்டு டை தளர்ந்து, ஹோஸ் நகர ஆரம்பித்து, அந்தப் பள்ளம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று போனில் வீடியோ எடுத்தபோதுதான் தெரிந்தது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாய்கிறது. நான் ஹோஸை எஞ்சின் ஃபிட்டிங்கிலிருந்து ஒரு சாண்கூடத் தள்ளாமல் சேஸிஸோடு கட்டியிருந்தேன். எஞ்சின் ஆடிய ஆட்டம் முழுவதும் அந்தச் சின்னத் துண்டின் தலையில். ஒவ்வொரு முறையும் ஃபிட்டிங்கின் கழுத்து வெடுக்கென்று மடங்குவதை ஸ்லோ மோஷனில் பார்த்தேன். பார்த்திருக்காவிட்டால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சரி, எல்லாவற்றையும் கழற்றினேன்.

அடுத்து பி-கிளிப், அதாவது உள்ளே ரப்பர் போட்ட உலோகக் கிளிப். இங்கேயும் ஒரு கூத்து. என் ஹோஸ் டாஷ் 10 அளவு. டாஷ் எண் என்பது அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு. 10 பங்கு என்றால் 15.9 மி.மீ. கணக்கெல்லாம் சரியாகப் போட்டு 16 மி.மீ. கிளிப் ஒரு டஜன் வாங்கினேன். ஒன்றுகூட ஹோஸைச் சுற்றி மூடவில்லை. அந்த எண் அதற்கு இணையான உலோகக் குழாயின் வெளி விட்டத்தைக் குறிப்பது. பின்னல் ஹோஸின் வெளி விட்டம் அல்ல. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 20.5 மி.மீ. முதலிலேயே வெர்னியரை எடுத்திருக்கலாம்.

கிளிப் பெரிதாக இருந்தால் ஹோஸ் உள்ளே நழுவி ரப்பரைத் தின்றுவிடும். சிறிதாக இருந்தால் நசுக்கும். மூடும்போது ரப்பரின் ஓரம், போல்ட் போகும் இரண்டு காதுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், மாட்டினால் போல்ட் இறுகியது போல நடித்துவிட்டுப் பின்னால் தளரும். காதுகளைச் சேர்த்துப் பிடிக்க மூன்றாவது கை தேவைப்படுகிறது. பூட்டி வைக்கக்கூடிய பிளையர் அந்த மூன்றாவது கை.

சேஸிஸ் குழாய்களில் ஓட்டை போட மனம் வரவில்லை. பளு தாங்கும் குழாயை அது பலவீனமாக்கும், தண்ணீரும் உள்ளே போகும். ஏற்கெனவே இருந்த போல்ட்களில் 2 மி.மீ. தகட்டால் பிராக்கெட் செய்து மாட்டினேன். இரண்டு இடத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் பெயின்ட்டைச் சுரண்டி, கிளிப் மாட்டத் தகட்டுக் காது வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பெயின்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

இப்போதைய அமைப்பு இப்படி. எஞ்சினிலிருந்து கிளம்பும் ஹோஸின் முதல் கிளிப் எஞ்சினிலேயே, அதில் சும்மா இருந்த ஒரு மரைத் துளையில் பிராக்கெட் போட்டு மாட்டியது. அடுத்த கிளிப் சேஸிஸில். இரண்டுக்கும் நடுவே ஹோஸ் ஒரு தொய்வான வளைவில் எதையும் தொடாமல் நிற்கிறது. எஞ்சின் ஆடினால் அந்த வளைவு மட்டும் விரிந்து சுருங்கும். கட்டுவதைவிட எங்கே கட்டாமல் விடுவது என்று முடிவு செய்யத்தான் நேரம் போனது. ஷெட்டுக்குள் சும்மா ரேஸ் செய்வதைவிட ரோட்டில் இழுக்கும்போது எஞ்சின் அதிகம் சாயும் என்பதால், ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து எஞ்சினை இரு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். மேல் பகுதி 2 செ.மீ. வரை நகர்கிறது. வளைவு அதைத் தாங்கிக்கொள்கிறது.

கூலருக்குப் போகும் நீள ஹோஸுக்கு ஏறக்குறைய 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளலாம் என்பது ஹைட்ராலிக் துறையின் பொதுக் கணக்கு. என்னுடையது 1.2 மீட்டர், 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 5 செ.மீ. என் 7 பாருக்கு அவ்வளவு வராது. ஆனால் பழைய ஹோஸில் அரை செ.மீ. தொய்வுகூட இல்லை. அதனால் புதிதாக ஒன்று வெட்டினேன். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, மெல்லிய டிஸ்க்கால் அறுத்தால் பின்னல் விரியாது. விரிந்தால் கம்பிகள் விரல் நுனியைத் தேடிவந்து குத்தும். அறுத்தபின் உள்ளே ரப்பர் துகளும் உலோகப் பொடியும் இருக்கும். கரைப்பான் ஊற்றிக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுத்தேன். ஃபில்டரைத் தாண்டிய பிறகு வரும் ஹோஸ் இது. இதில் இருக்கும் குப்பை நேராக பேரிங்குக்குத்தான் போகும்.

முறுக்கு விழாமல் இருக்க, ஹோஸின் நெடுக மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நட்டை முடுக்கும்போது ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் கோடு சுருள்வது கண்ணுக்கே தெரிகிறது. ஃபில்டர் பக்கம் ஹோஸ் ஃபிட்டிங்கை விட்டு வந்த உடனேயே வளைய வேண்டியிருந்தது. நேர் ஃபிட்டிங்குக்குப் பதிலாக 90 டிகிரி ஃபிட்டிங் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) இருந்தாலும், இரு பக்கமும் ஒவ்வொரு கிளிப் போட்டேன். பாரத்தை குரோமெட் சுமக்கக் கூடாது.

எக்ஸாஸ்ட் பக்கம் சிலிகான் பூசிய கண்ணாடி இழை உறை போடலாம். 260 டிகிரி வரை தாங்கும். எனக்கு அதில் ஒரு குறை: உள்ளே ஹோஸ் என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் அது மூடிவிடும். முடிந்தவரை பாதையையே தள்ளி எடுத்துவிட்டு, தவிர்க்க முடியாத ஒரு முழத்துக்கு மட்டும் உறை.

ஆயில் முதலில் ஹோஸ்களில் நிரம்பட்டும் என்று ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பிறகுதான் ஸ்டார்ட். எஞ்சின் சூடானதும் கூலரின் கீழ் ஃபிட்டிங் கசிந்தது. கை தானாக ஸ்பேனருக்குப் போனது. நல்ல வேளை, முதலில் ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஃபிட்டிங்கில் ஒன்றோடொன்று அழுந்திக் கசிவை அடைக்கும் 37 டிகிரி சரிவுமுகத்தில் ஒரு மணல் துகள். அப்படியே இறுக்கியிருந்தால் அலுமினிய முகத்தில் அது பதிந்தே போயிருக்கும். துடைத்து, மரையில் ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டினேன். கசிவு இல்லை. எல்லா நட்டிலும் ஃபிட்டிங்கின் உடலோடு சேர்த்து மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்தாயிற்று, தளர்ந்தால் கோடு விலகும்.

ஹோஸுக்கு அருகில் இருக்கும் எல்லாக் குழாய்களிலும் இந்த முறை மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, உரசினால் டேப்பில் தெரியட்டும் என்று எஞ்சினை மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒரே ஒரு டேப், ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்துச் சட்டத்தில், லேசாக மினுமினுத்திருக்கிறது. கிழியவில்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு ஒரு பிராக்கெட் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.