அதிகாலைப் பதிவுக்கு நேற்றைய தேதி: கரையோரக் குறிப்புத் தளத்தில் சரிசெய்தவை

தொண்டி முதல் மூக்கையூர் வரை கரையில் கண்ணில் படும் பறவை, மீன், சங்கு, சிப்பி எல்லாவற்றையும் படத்தோடு பதிந்து வைக்கும் பொழுதுபோக்குத் தளம் இது. ஒரே ஒரு வாடகை சர்வர். 2 கோர், 2 ஜிபி ரேம், எஸ்எஸ்டி வட்டு. அதில் பக்கத்தைக் கொடுக்கும் இன்ஜின்எக்ஸ், நிரலை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம், தரவை வைத்திருக்கும் மரியாடிபி. சாதாரண நாளில் சிக்கல் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற நாளிலும், வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் மார்கழி, தை ஞாயிறுகளிலும்தான் படுத்துவிடும். யாரைக் கேட்டாலும் "ரேமைக் கூட்டு" என்பார்கள். கூட்டாமலேயே தீர்ந்தது. கோளாறு இயந்திரத்தின் அளவில் இல்லை, அதற்குக் கொடுத்த வேலையில் இருந்தது.

வேலைக்கு எடுத்துக்கொண்ட காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதால் மீன் பதிவுகள் குறையும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவையும் கிளம்பியிருக்கும். பதிவுகள் கிடக்கும் பெரிய டேபிளில் கை வைக்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

முதலில் அளவு

இன்ஜின்எக்ஸ் பதிவேட்டில் இரண்டு நேரங்களைச் சேர்த்து எழுதவைத்தோம். ஒன்று, கோரிக்கை வந்ததிலிருந்து பதில் முழுதும் போய்ச் சேரும் வரை ஆன மொத்த நேரம். மற்றது, பின்னாலிருக்கும் பிஎச்பி பதில் சொல்ல எடுத்த நேரம். மொத்தம் அதிகமாகி பிஎச்பி நேரம் குறைவாக இருந்தால், பார்ப்பவரின் சிக்னல்தான் மோசம். தனுஷ்கோடிப் பக்கமோ கடலுக்குள் வள்ளத்திலோ இருந்து பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே அதிகமென்றால் குற்றம் நம்முடையது. இந்த ஒரு பிரிப்பு இல்லாமல் தொடங்கியிருந்தால் பாதி உழைப்பு வீணாகியிருக்கும்.

கூடவே சர்வரின் நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட்டை நொடிக்கு ஒரு முறை ஓடவிட்டு இரண்டு பத்திகளைக் கவனித்தோம். 'டபிள்யூஏ' ஏறினால் வட்டுக்காகக் காத்திருக்கிறது. 'எஸ்டி' ஏறினால் அதே இயந்திரத்தில் பக்கத்துக் குடித்தனக்காரர் சிபியூவை இழுத்துக்கொள்கிறார், அதற்கு நம் பக்கம் மருந்து இல்லை. இங்கே ஏறியது 'டபிள்யூஏ'.

மரியாடிபியிடம் கேட்கும் கேள்விக்குக் குவெரி என்று பெயர். தாமதமானவற்றைக் குறித்துவைக்கும் மெதுக்குவெரிப் பதிவேட்டில் இயல்பான எல்லை 10 விநாடி. அப்படியே விட்டால் எதுவும் சிக்காது. 0.5 ஆக்கியதும் ஒரே நாளில் குற்றவாளிகள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பொருளடக்கம்) இல்லாத குவெரிகளையும் எழுதச் சொல்லும் வசதி உண்டு. அதை ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டும், பதிவேடே வட்டை நிரப்பிவிடும்.

குவெரிகள்

முதல் குற்றவாளி இனப் பக்கம். 'பூநாரை' என்று தட்டினால் அந்த இனத்தின் பதிவுகள் புதியது முதலாக வரவேண்டும். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளை கொடுத்துப் பார்த்தால் வகை 'ஆல்', கூடவே 'ஃபைல்சார்ட்'. அதாவது டேபிள் முழுவதையும் படித்து, பிறகு அடுக்கிக் கொடுக்கிறது. இனத்துக்கு ஓர் இண்டெக்ஸ், தேதிக்கு ஓர் இண்டெக்ஸ் என்று தனித்தனியே ஏற்கனவே இருந்தும் பயனில்லை. இனம், தேதி என்ற அதே வரிசையில் இரண்டையும் சேர்த்த ஒரே இண்டெக்ஸ் போட்டதும் அடுக்கும் வேலையே ஒழிந்தது. வரிசை மாறி தேதி முன்னால் வந்தால் இந்தக் குவெரிக்கு உதவாது.

அடுத்தது முகப்புப் பட்டியல். 30 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் படம், பதிந்தவர் பெயர், ஊர் என்று மூன்று தனிக் குவெரிகள். ஆக 1 + 90. பட்டியலை முதலில் எடுத்து, அதிலுள்ள எண்களைத் திரட்டி படங்களை ஒரே குவெரியில், பெயர்களை ஒன்றில், ஊர்களை ஒன்றில் வாங்கியதும் 91 குவெரி 4 ஆனது. சின்னச் சின்னக் குவெரி என்பதால் ஒன்றுகூட மெதுக்குவெரிப் பதிவேட்டில் தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் சிக்கும்.

'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணும் தொல்லைதான். பக்கம் திறக்கும்போதெல்லாம் அதே வரியை அப்டேட் செய்ததால், கூட்ட நேரத்தில் ஒருவர் பூட்டை விடும்வரை அடுத்தவர் காத்து நின்றார். இப்போது எண்ணிக்கை, நினைவகத்திலேயே தரவை வைக்கும் ரெடிஸில் சேர்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக டேபிளுக்குப் போகிறது.

நினைவகக் கணக்கு

பிஎச்பி எஃப்பிஎம்மில் ஒரே நேரத்தில் எத்தனை பணியாட்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்கள்) ஓடலாம் என்ற எண் முன்பு 50 என்று இருந்தது. ஒரு பணியாள் 60 எம்பி தின்றால் 50 பேருக்கு 3000 எம்பி. இருப்பதோ 2048. கூட்டம் கூடியதும் லினக்ஸ் கர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்று இடம் பிடிக்கும். கொல்லப்படுவது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் மரியாடிபிதான். 'டேட்டாபேஸ் இணைப்பு இல்லை' என்ற பிழையைப் பார்த்து மரியாடிபியைக் குற்றம் சொல்வோம். கர்னலின் பதிவேடான டிமெசேஜில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் உண்மை தெரிந்துவிடும்.

கணக்கை மறுபடி போட்டோம். இயங்குதளம், இன்ஜின்எக்ஸ், ரெடிஸ் எல்லாவற்றுக்கும் 300 எம்பி. மரியாடிபியின் பஃபர் பூல் (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இயல்பாக 128 எம்பி. அதை 512 ஆக்கினால் மற்றவற்றோடு சேர்ந்து 700 வரை போகும். மீதி ஏறக்குறைய 1000. அறுபதால் வகுத்தால் 16. படம் சுருக்கும் வேலைக்கு இடம் விட்டு 12 என்று வைத்தோம். 50-ஐ 12 ஆக்கினால் மெதுவாகிவிடுமே என்று தோன்றும். இரண்டு கோரில் ஐம்பது பேரை ஒன்றாக ஓட்டினாலும் வேலை சீக்கிரம் முடியாது. 12 பேர் முடிக்க முடிக்க அடுத்தவர் வரிசையில் வருவதே வேகம். 1 ஜிபி ஸ்வாப்பும் (நினைவகம் போலப் பயன்படும் வட்டு இடம்) சேர்த்தோம், அவசரத்துக்கு மட்டும்.

படம்: 4 எம்பி என்பது 48 எம்பி

கோப்பாக 4 எம்பி இருக்கும் 4000 × 3000 படத்தை பிஎச்பி திறந்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிறது. 50 மெகாபிக்சல் போனில் எடுத்ததென்றால் 200 எம்பி. பிஎச்பியின் இயல்பான 128 எம்பி வரம்பைத் தாண்டி வெள்ளைப் பக்கம் வந்தது இதனால்தான். சுருக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பிரித்து, ஒரே ஒரு பணியாள் ஒவ்வொன்றாக எடுக்கும் வரிசைக்கு மாற்றினோம். அந்தப் பணியாளுக்கு மட்டும் வரம்பு 384 எம்பி.

அதைவிட நல்லது, போனிலேயே, உலாவியின் கேன்வாஸ் வசதியில் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி அனுப்புவது. மண்டபம் தாண்டிக் கடலுக்குள் போனால் சிக்னல் ஒரு கோடுதான். அங்கிருந்து 8 எம்பி ஏற்றுவது நடவாத காரியம். கேன்வாஸ் வழியாகப் போகும்போது படத்துக்குள்ளிருக்கும் எக்சிஃப் தகவல் (எடுத்த நேரம், இடம், திசை) கழன்றுவிடும். எடுத்த நேரம் வேண்டுமென்றால் அதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் எக்காரணம் கொண்டும் வைத்திருக்கக் கூடாது. ஆலாக்கள் முட்டையிடும் மணல் திட்டையும், ஆமை முட்டைக் குழியையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். துல்லிய இடம் வெளியே போனால் கூடு அழியும். அதனால் சர்வரிலும் இரண்டாம் முறை துடைக்கிறோம். துடைக்குமுன் எக்சிஃபில் உள்ள திசைப்படி படத்தைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் நாரை படுத்துக்கொண்டு நிற்கும்.

இன்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்றவிடாது, 413 பிழை வரும். பிஎச்பியின் கோப்பு வரம்பு 2 எம்பி, மொத்தப் படிவ வரம்பு 8 எம்பி. மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேஷ்

உள்ளே நுழையாத (லாகின் செய்யாத) வெளியாட்களுக்குத் தரும் பக்கத்தை இன்ஜின்எக்ஸே 30 விநாடி வைத்திருந்து கொடுக்கிறது. இதுதான் கேஷ். கூண்டு ஏற்றிய நாளில் எல்லோரும் பார்ப்பது ஒரே கடல்நிலைப் பக்கத்தைத்தான் என்பதால், வந்த பலன் முழுவதும் இங்கேதான். ஆனால் முதல் முயற்சியில் கேஷ் பிடிக்கவே இல்லை. உள்ளே வராதவருக்கும் பிஎச்பி ஒரு செஷன் தொடங்கி, அவரை அடையாளம் காண உலாவியில் குக்கி வைத்துக்கொண்டிருந்தது. குக்கி வைக்கும் பதிலை இன்ஜின்எக்ஸ் கேஷ் செய்யாது. உள்ளே நுழைந்தவருக்கு மட்டும் செஷன் என்று ஆக்கியதும் சரியானது. நுழைந்தவர் குக்கி இருந்தால் கேஷைத் தாண்டிப் போகச் சொல்லும் வரியை மறந்தால் ஒருவர் பக்கம் இன்னொருவருக்குப் போய்விடும். இரண்டு கணக்குகளில் நுழைந்து சோதித்த பிறகே திறந்துவிட வேண்டும். காலாவதியான பக்கத்தைப் புதுப்பிக்க ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தோம்.

நேற்றைய தேதி

இந்தப் பிழை கரையில்தான் கண்ணில் படும். வள்ளக்காரர்கள் நாலு மணிக்கே எழுந்து கடலைப் பார்த்து 'வாடை பலமா இருக்கு' என்று பதிகிறார்கள். அது முந்தின நாள் பட்டியலில் போய் உட்கார்ந்தது. டேட்டாபேஸில் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கிறது. 15-ஆம் தேதி காலை 4.30 என்பது யூடிசியில் 14-ஆம் தேதி இரவு 11 மணி. காலை 5.30-க்கு முன் வரும் எந்தப் பதிவுக்கும் இதே கதி. எட்டு மணிக்கு எழுந்து பதிகிற ஊரில் இது ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

தேடும்போதே நேரத்தை மாற்றினால் போதுமே என்று தோன்றும். டேபிளின் நேரப் பத்திமேல் ஃபங்ஷனைப் போட்டால் இண்டெக்ஸ் உதவாது. போதாததற்கு, நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்படாத மரியாடிபியில் 'ஆசியா கொல்கத்தா' என்று பெயர் கொடுத்தால் விடை 'நல்' (வெறுமை) என்று வரும், பிழை என்றுகூடச் சொல்லாது. '+05:30' என்று எண்ணாகக் கொடுத்தால் வேலை செய்யும். நம் நாட்டில் கோடை நேர மாற்றம் இல்லாததால் இந்த எண் நிலையானது. ஆகவே 'உள்ளூர் நாள்' என்று தனிப் பத்தி சேர்த்து, பதியும்போதே நிரப்பி, மேலே சொன்ன இண்டெக்ஸில் அதையே வைத்தோம். பழைய பதிவுகளை ஆயிரம் ஆயிரமாக நிரப்பினோம். ஒரே மூச்சில் செய்தால் டேபிள் பூட்டிக்கொள்ளும்.

இரட்டைப் பதிவும் கரையின் பிரச்சினைதான். சிக்னல் இழுக்கும்போது பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்திவிடுகிறார்கள். முதல் கோரிக்கை சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது, பதில்தான் திரும்பப் போகவில்லை. படிவம் திறக்கும்போதே ஒரு தற்செயல் குறியை மறைத்து வைத்து, ஒரே குறி இரு முறை வரவிடாத யூனிக் இண்டெக்ஸை அதற்குப் போட்டோம். இரண்டாவது வந்தால் பிழை காட்டாமல், முதல் பதிவின் பக்கத்துக்கே அனுப்புகிறது.

எழுத்து

'உப்புக்கொத்தி' என்று தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை. 'கொசு உள்ளான்' கதையும் அதேதான். யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாக அமையலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. பழைய எழுத்துரு மாற்றிகளில் இருந்து ஒட்டியவை இரண்டாம் வகை. யூனிகோடின் ஒருமைப்படுத்தும் முறையான என்எஃப்சிக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். பதியும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்.

'கௌ' என்பதற்குப் பதில் 'கெ', 'ள' என்று இரண்டெழுத்தாகத் தட்டியதை மட்டும் என்எஃப்சி தீர்க்காது. மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று இறங்கினால் கெளுத்தி மாட்டிக்கொள்ளும். அதில் 'கெ' உண்மையான 'கெ', 'ளு' உண்மையான 'ளு'. மாற்றினால் ஓரெழுத்தின் மேல் இரண்டு குறி ஏறி புள்ளிவட்டம் தெரியும். ஆகவே ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று விதி வைத்து, மீதியைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம்.

சுருக்கக் குறிப்பில் கடைசி எழுத்து கருப்புக் கட்டமாக வந்ததற்குக் காரணம், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பைட் கணக்கில் வெட்டினால் நடுவில் உடையும். பிஎச்பியின் எம்பி சப்ஸ்டர் ஃபங்ஷனில் வெட்டினால் உடையாது, ஆனால் 'கொ' 'க' ஆகிவிடும். முழு எழுத்தாக வெட்டும், இன்ட்ல் நீட்சியில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர்தான் சரி. மரியாடிபியின் பழைய எழுத்துக்குறி முறையான 'யூடிஎஃப்8' 3 பைட்டோடு நிற்கும் என்பதால் தமிழுக்குப் பிரச்சினை வராமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மீன் இமோஜியைச் செருகினார், அதற்கு 4 பைட், அங்கிருந்து எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டது. டேபிளையும் இணைப்பையும் சேர்த்தே 'யூடிஎஃப்8எம்பி4' ஆக்கவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கேள்விக்குறிகள் வரும்.

இன்னும் ஆகாதது

தளத்தைத் தானாகத் துருவும் ரோபோ நிரல்களைத் தடுக்க ஒரு ஐபி முகவரிக்கு நொடிக்கு 2 கோரிக்கை என்று வைத்தது தவறாகிவிட்டது. மொபைல் நிறுவனங்கள் ஏராளமான போன்களை ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. புயல் கூண்டு ஏற்றிய அன்று ஓர் ஊரே 429 பிழை (கோரிக்கை அதிகம்) பார்க்கும். இப்போது நொடிக்கு 20, கூடுதல் 60 வரை பொறுத்துக்கொள்ளும், படங்களுக்கு வரம்பே கிடையாது. கடுமையான வரம்பு தேடல் பக்கத்துக்கு மட்டும். ரோபோக்கள் பழைய பக்க எண்களைத் துருவிக்கொண்டு 900-ஆம் பக்கம் வரை போகின்றன. 'இத்தனை வரிகளைத் தாண்டு' என்று சொல்லும் ஆஃப்செட் முறையில் 900-ஆம் பக்கத்துக்கு முந்தைய எல்லா வரிகளையும் படித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கடைசிப் பதிவின் எண்ணைக் கொண்டு அடுத்ததை எடுக்கும் முறைக்கு மீன் பகுதி மாறிவிட்டது. பறவைப் பகுதியும் சங்குப் பகுதியும் பாக்கி. வாடைக்காற்று தொடங்குமுன் முடித்தாக வேண்டும்.