25 சுற்று, சுற்றுக்கு 96 விநாடி

ஏப்ரல் 5

10,000 மீட்டர் ஓட்டப் போட்டிக்கு நான்கு வாரம் இருக்கிறது. 400 மீட்டர் ஓடுதளத்தில் 25 சுற்று. 40 நிமிடத்துக்குள் முடிக்க, சுற்றுக்கு 96 விநாடி. அதாவது 200 மீட்டருக்கு 48, 100 மீட்டருக்கு 24.

கிலோமீட்டர் கணக்கு ஓடுதளத்தில் சரிப்படாது. 1000 மீட்டர் என்றால் இரண்டரைச் சுற்று. ஒரு கிலோமீட்டர் எதிர்ப்பக்கம் முடியும், அடுத்தது கோட்டில் முடியும். மூச்சு வாங்கும்போது அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. ஐந்து சுற்றுக்கு எட்டு நிமிடம், அவ்வளவுதான். சுற்றுப் பலகையில் 20 தெரியும்போது கடிகாரம் 8:00; 15க்கு 16:00, 10க்கு 24:00, 5க்கு 32:00. பலகை காட்டுவது முதலில் ஓடுபவரின் மிச்சச் சுற்றுகளை. அவர் நம்மை ஒரு சுற்று தாண்டிவிட்டால் பலகை எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜி.பி.எஸ். வாட்ச் வளைவுகளில் தூரத்தைத் தப்பாகக் காட்டும். சுற்றுகளைத் தானாகப் பிரித்துக் குறிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, கோட்டைத் தாண்டும்போது கையால் பட்டனை அழுத்துவதே நம்பகம்.

ஏப்ரல் 8

1000 மீட்டர் × 8. ஒவ்வொன்றும் 4:00, நடுவில் 90 விநாடி மெதுஓட்டம்.

இதில் கெட்டுப்போகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: முதல் மூன்றை 3:50-ல் ஓடிவிட்டு, ஆறாவதில் 4:06-க்குத் திணறுவது. சராசரி அழகாக வரும், பயிற்சி வீண். 100 மீட்டருக்கு 24 விநாடி என்ற வேகத்தைக் காலுக்குப் பழக்கத்தான் இதை ஓடுகிறோம். ஒவ்வொரு தடவையும் முதல் 100 மீட்டரில் ஒரே ஒரு முறை வாட்ச்சைப் பார்க்கலாம். 22 என்றால் அப்போதே தணிக்க வேண்டும். எட்டாவதில் தெம்பு மிச்சம் இருந்தால் அதை மட்டும் வேகமாக ஓடலாம்.

ஏப்ரல் 12

ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ. செயற்கைத் தளத்தில் ஆணி 9 மி.மீ.க்கு மேல் கூடாது. நீண்ட ஓட்டத்துக்கு 6 மி.மீ. தாராளம். அடிப்பாகத் தடிமனுக்கும் வரம்பு உண்டு: 2024 நவம்பரிலிருந்து உலக தடகள விதிப்படி எல்லா ஓடுதளப் போட்டிக்கும் 20 மி.மீ. சாலை ஓட்டத்துக்கான தடித்த ஷூவோடு போய் நிற்பதற்கு முன் போட்டி விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

குதிகால் தாழ்ந்திருப்பதால் கெண்டைக்கால் தசையில் கூடுதல் சுமை விழும். முதல் நாள் 400 மீட்டர் × 4 மட்டும். அடுத்த வாரம் பயிற்சியில் பாதி. போட்டியன்றுதான் முதன்முதலாகப் போட்டால் 15ஆவது சுற்றில் கெண்டை இறுகிவிடும். ஆணியைக் கழற்றி மாட்டும்போது மரைக்குள் மணல் இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டுத் திருக வேண்டும். மணலோடு முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் ஓட்டத்தின் நடுவில் ஆணி கழன்று விழும்.

ஏப்ரல் 17

2000 மீட்டர் × 4, தலா 8:00, இடைவெளி இரண்டு நிமிடம். நான்கு வாரத்தில் முக்கியமான நாள் இதுதான். சொந்தச் சாதனை பறிபோவது பெரும்பாலும் 14 முதல் 20 வரையிலான சுற்றுகளில். தொடக்க உற்சாகம் வடிந்திருக்கும், முடிவு கண்ணில் படாது. 96 சத்தமில்லாமல் 98 ஆகும், 99 ஆகும். உழைப்பு அதே அளவுதான் என்று உடம்பு பொய் சொல்லும். நான்காவது 2000-ஐ அந்தச் சுற்றுகள் என்று நினைத்தே ஓட வேண்டும்.

ஏப்ரல் 21

இன்று லேசான ஓட்டம், அதனால் கொஞ்சம் கணக்கு. முதல் லேனின் 400 மீட்டர், உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்படுவது. அந்தக் கோட்டிலிருந்து அரை மீட்டர் விலகியே ஓடினால் சுற்றுக்கு 3.14 மீட்டர் கூடும். 25 சுற்றுக்கு 78 மீட்டர். இந்த வேகத்தில் கிட்டத்தட்ட 19 விநாடி! ஒருவர் தோளுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதன் விலை அது. பின்னால் ஒட்டி ஓடு, தாண்டுவதாக இருந்தால் நேர்ப்பகுதியில் தாண்டு.

ஏப்ரல் 27

போட்டிக்கு முந்தைய வாரம். தூரத்தைப் பாதியாகக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை 400 × 6, 96-ல். புதன், வியாழன் மெதுஓட்டம். இந்த வாரம் கால் கனமாகத் தோன்றும், தூக்கம் அதிகம் வரும். அதற்குப் பயந்து கூடுதல் பயிற்சி செய்பவர்கள்தான் அதிகம்.

மே 2

நாளைக்கு: தொடங்க 45 நிமிடம் முன் 2 கி.மீ. மெதுஓட்டம், அசைவுப் பயிற்சிகள், 80 மீட்டர் × 4 விரைவோட்டம். வெயில் என்றால் இதில் பாதி. போட்டியாளர்களைக் கூட்டிவைக்கும் அழைப்பு அறையில் 15 நிமிடம் உட்கார வைத்துவிடுவார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘ஆன் யுவர் மார்க்ஸ்’, அடுத்து துப்பாக்கி. நடுவில் ‘செட்’ கிடையாது. வளைந்த தொடக்கக் கோட்டில் வெளிப்புறம் நின்றால் நஷ்டமில்லை. உடனே உள்ளே பாயாமல் 50, 60 மீட்டரில் மெல்லச் சாய்ந்து சேர்ந்தால் கால் இடறாது.

முதல் சுற்று 95-க்குக் கீழே போகக் கூடாது. 2020 அக்டோபரில் வலென்சியாவில் ஜோஷுவா செப்டெகெய் 26:11.00 ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் பாதி கிட்டத்தட்ட 13:08, இரண்டாம் பாதி 13:03. அவருக்கு ஓடுதள விளிம்பில், இலக்கு வேகத்தைக் காட்டும் விளக்குகள் ஓடின. நமக்குக் கையில் வாட்ச்.

நேர்ப்பகுதியில் எதிர்க்காற்று இருந்தால் அங்கே 25 ஆகட்டும், மறுபக்கம் 23.5 வரும். இழந்தது முழுதும் திரும்பாது, ஆனாலும் காற்றோடு மல்லுக்கட்டினால் அதைவிட இழப்பு. ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது 32:05 என்றால் சுற்றுக்கு ஒரு விநாடி மட்டும் குறைத்து ஓடு. அந்த ஐந்து விநாடியையும் இருபத்தோராவது சுற்றிலேயே மொத்தமாகத் தீர்த்துவிடாதே.

மே 4

முடிவுத் தாளில் சுற்று நேரங்களைப் பார்க்க வேண்டும். 14 முதல் 20 வரை 98-ஐத் தாண்டியிருந்து, கடைசிச் சுற்று மட்டும் 85 வந்திருந்தால் தெம்பு இருந்தும் நடுவில் தூங்கியிருக்கிறோம். அடுத்த சுழற்சியில் 2000-களைக் கூட்டலாம். கடைசி ஐந்தும் சேர்ந்து சரிந்திருந்தால் முதல் இரண்டு சுற்றுகளைப் பார், அங்கே 91, 92 இருக்கும். அது பயிற்சிக் குறை அல்ல, தொடக்கத்தில் வேகம் கூடிப்போனது. கெண்டைவலி போகும்வரை, ஐந்து நாளாவது, ஸ்பைக்ஸைத் தொட வேண்டாம்.