மெழுகுக் கொட்டகை நாட்குறிப்பு: சோமனூர், 2024

அக்டோபர் 9, புதன்

அக்டோபர் கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். சோமனூரை ஒட்டிய கருமத்தம்பட்டியில் ஜெபமாலை அன்னை ஆலயம் இருப்பதால், இந்த மாதம் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும் வரை எங்கள் கொட்டகையில் அடுப்பு ஓய்வதில்லை. இன்று காலை 50 கிலோ மூட்டைகளாக எட்டு மூட்டை பாரஃபின் மெழுகு வந்து இறங்கியது. வெள்ளைப் பாளம் பாளமாக அடுக்கி வைத்ததும் கொட்டகையே குளிர்ந்து போனதுபோல் ஒரு தோற்றம்.

மெழுகு 60 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். அதனால் அதை நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்க வேண்டும். இந்த விதியை அம்மா தன் வலது முன்கையில் எழுதி வைத்திருக்கிறார். தொழில் தொடங்கிய முதல் மாதத்தில் அவசரத்துக்கு நேரடியாக அடுப்பில் வைத்த மெழுகு புகைந்து தீப்பிடித்தபோது, உதவிக்கு ஓடி வந்த ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்ற, தீ கூரை வரை எழும்பியது. மூடியைப் போட்டு மூடியிருந்தால் அணைந்திருக்கும். அந்தத் தழும்பைக் காட்டாமல் அம்மா எந்தப் புது ஆளுக்கும் வேலை சொல்லித் தருவதில்லை.

எங்கள் சின்ன வத்தி ஒன்று 15 கிராம். ஆறு வத்தி ஒரு பொட்டலம், 90 கிராம். ஒரு கிலோ மெழுகில் 66 வத்தி வரும். அச்சைக் கொஞ்சம் ஒல்லியாக்கி 12 கிராமுக்கு இறக்கினால் அதே கிலோவில் 83 வத்தி வந்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அந்த 17 வத்திகள்தாம் இந்தத் தொழிலின் சபலம். 15 கிராம் வத்தி காற்றில்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் போல நின்று எரியும். அதற்குக் குறைந்தால் அது வத்தியே இல்லை என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று தலைகுனிவான நாள். அன்னூர்ப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் 40 பொட்டலங்களைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். கோபப்படவில்லை. ஒரு வத்தியை எடுத்து எங்கள் மேசைமேலேயே ஏற்றிவிட்டு, "பாருங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சுடர் சிறிதாக நடுங்கியது, கறுப்பாகப் புகைந்தது, கால் மணி நேரத்தில் தன் உருகலிலேயே மூழ்கி அணைந்தது.

கோளாறு மெழுகில் இல்லை, திரியில் இருந்தது. மெழுகுவத்தியில் எரிவது திரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. உருகிய மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுவந்து சுடருக்குக் கொடுப்பதுதான் திரியின் வேலை. பருத்தி உறிஞ்சும். பாலியெஸ்டர் உறிஞ்சாது, சூட்டில் தானே உருகி முனையில் ஒரு மணியாகத் திரண்டுகொள்ளும். நூறு சதவீதம் பருத்தி என்று நம்பி வாங்கிய நூல்கண்டிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனையுடன் சாம்பல் உதிரும். இதில் உதிரவில்லை, விரலில் நசுங்காத கறுப்பு மணி ஒன்றுதான் மிஞ்சியது. கலப்பு நூல்.

நூல் பூமியில், தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நான் நூலில் ஏமாந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கண்டு மாறும்போதெல்லாம் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் பழக்கம். விலை கொஞ்சம் குறைவாக இருந்ததால் இந்த முறை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்த 40 போக, அதே நூலில் ஊற்றியிருந்த 310 பொட்டலங்களையும் உடைத்து மறுபடி உருக்கும்படி அம்மா சொன்னார். விற்றுப்போனதைப் பற்றிக் கேட்டபோது, எந்தெந்தக் கடைக்குப் போயிற்றோ அங்கெல்லாம் நானே போய் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். "நூல்காரன் ஏமாத்துனான்னு அவிய கிட்டச் சொல்லாத கண்ணு. அவிய நூல்காரன் கிட்டயா வாங்குனாங்க?"

ஏழு கடைகள். நாளை மொபெட்டில் கிளம்ப வேண்டும்.

அக்டோபர் 19, சனி

கோவையிலிருந்து ஒரு பெண், கண்ணாடிக் குவளையில் லாவெண்டர் வாசனையுடன் சோயா மெழுகில் செய்து தர முடியுமா என்று கேட்டார். ஒரு குவளைக்கு அவர் சொன்ன விலையில் நாங்கள் இருபது பொட்டலம் விற்க வேண்டும். முப்பது குவளைகளுக்கு ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்கு மறுப்பு ஏதுமில்லை. பார்த்தே இராத பூவின் வாசனைக்கு இவ்வளவு காசா என்று சிரித்தார், அவ்வளவுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு நான்கு நாள்கள் இருக்கின்றன. நேற்று வேலையாள்களுக்குப் போனஸ் கொடுத்து முடித்தோம். இன்று கொட்டகை விடுமுறை என்பதால், சொன்னபடி பழைய கதையை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மின்சாரம் போனதைக் காதால் அறிவோம். தறிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த அமைதி திடுக்கிட வைக்கும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், அந்த மின்சாரம்தான் எங்களைக் கைவிட்டது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள்களில் அதைவிட மோசம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தறி ஓடினால்தான் கூலி. வாரக் கூலி பாதியாகி, பிறகு பாதியிலும் பாதியானது.

மகளிர் சுய உதவிக் குழு மூலம் கற்றுக்கொண்ட மெழுகுவத்தி வேலையை அம்மா அந்த ஆண்டுதான் தொழிலாக எடுத்தார். குழுக் கடனில் பழைய அலுமினிய அச்சு ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டு ஆசாரத்திலேயே, அதாவது முன்கூடத்திலேயே, ஊற்றத் தொடங்கினார். அப்பாவின் வேலையைப் பறித்த இருட்டு அம்மாவுக்கு வேலை கொடுத்தது. மற்றவர்கள் வீட்டில் இருட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு எங்கள் வீட்டில் அரிசி என்பதை அம்மா ஒருநாளும் நல்ல வாய்ப்பாகப் பேசியதில்லை.

இரண்டு ரூபாய் வத்தி கடைகளில் ஐந்து ரூபாய்க்குப் போனது. அம்மா இரண்டு ரூபாயிலேயே நின்றார். எங்கள் வீதியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த பிள்ளைகள் இருந்த வீடுகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இரவு ஏழிலிருந்து பத்துக்குள் எப்படியும் வெட்டு வரும். ஒரு பிள்ளை ஒரு பாடத்தைப் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் வேண்டும். அதற்குள் வத்தி அணைந்தால் இன்னொரு வத்தி வாங்க அந்த வீட்டில் காசிருக்காது. 15 கிராம் கணக்கு அங்கே பிறந்தது.

பெருமையாக எழுதிவிட்டேன், இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த ஆண்டு அம்மா மூன்று ரூபாய்க்காவது விற்றிருந்தால், இன்று நாங்கள் இருக்கும் இந்தக் கொட்டகை வாடகைக் கொட்டகையாக இருந்திருக்காது. அந்த நோட்டில் பாதிக் கடன் இன்னும் அடிக்கப்படாமல் கிடக்கிறது. மின்வெட்டு குறைந்து, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்ததும் வியாபாரம் சரிந்தபோது, அந்தக் கடன்காரர்கள் யாரும் எங்களிடம் வந்து மெழுகுவத்தி வாங்கவில்லை. வாங்க என்ன தேவை அவர்களுக்கு? இதை அம்மாவிடம் சொன்னால், "வெளிச்சம் வந்துருச்சுன்னு வருத்தப்படுறியாக்கும்" என்பார். நான் வருத்தப்படுவது அதற்கல்ல.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். நேற்று முன்தினம் தீபாவளி வெடிச் சத்தம். இன்று மாலை கருமத்தம்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் செபம் முணுமுணுக்கும் சத்தம் மட்டும். எங்களுக்கு ஆண்டிலேயே அதிக விற்பனை நடக்கும் நாள் இது. ஒரு கல்லறைக்கு ஒரு வத்தி என்று யாரும் நிறுத்துவதில்லை. தலைமாட்டில், கால்மாட்டில், சுற்றுச் சுவர்மேல் என்று வரிசையாக ஏற்றுகிறார்கள்.

எங்களிடம் பத்து ஆண்டுகளாக வேலை செய்யும் அந்தியூரக்கா கத்தோலிக்கர். அவருடைய கணவரை இந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். நேற்று மாலை வேலை முடிந்ததும் பத்துப் பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்து, முந்தானையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் கையால் ஊற்றிய வத்திக்கு அவரிடமே காசா என்று நான் தடுத்தேன். "நான் ஊத்துனதா இருந்தாலும், அவருக்கு ஏத்துறது எங்காசுல வாங்குனதா இருக்கோணுமுங்க" என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் முழு விலையையும் எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. எனக்கு அப்போது சங்கடமாக இருந்தது. இன்று மாலை அந்தக் கல்லறைக்கு முன்னால் அறுபது சுடர்களும் நின்று எரிவதையும், அக்கா ஒவ்வொரு திரியையும் விரலால் நிமிர்த்தி விடுவதையும் பார்த்தபோது, அம்மா செய்தது சரி என்று பட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

ஒருவர் இரண்டு சாக்கு நிறைய உருகி வழிந்த மெழுகைக் கொண்டுவந்தார். எங்கே பொறுக்கியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை; மண்ணும் சாமந்தி இதழும் ஒட்டியிருந்தன. புது மெழுகில் கால் விலைதான் கேட்டார். உருக்கித் துணியில் வடிகட்டினால் நல்ல மெழுகுதான். இந்தத் தொழிலில் இது வழக்கமில்லாததும் அல்ல. நான் வாங்கலாம் என்றேன். அந்தியூரக்கா வாயைத் திறக்கவில்லை, ஆனால் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஒருவருக்காக ஏற்றியதை மறுபடி விலைக்கு விற்பதா என்பது அந்தக் கையின் கேள்வி. அம்மா காசைக் கொடுத்து வாங்கி, சாக்கைக் கட்டி மூலையில் வைக்கச் சொன்னார். விற்கிற மெழுகோடு கலக்கக் கூடாது என்றார். பிறகு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் ஊராக இருட்டு.

பகல் பதினொன்றுக்கு எங்கள் மொத்த வியாபாரி அழைத்தார். இருப்பு முழுவதும் வேண்டும், பொட்டலத்துக்கு வழக்கத்தைவிட ஆறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றார். எனக்கு மனம் துள்ளியது என்பதை மறைக்கவில்லை. திரி நட்டத்தை அப்படியே ஈடுகட்டியிருக்கலாம். பேச்சின் கடைசியில்தான், "பொட்டலத்துமேல வெலை ஒட்டாமக் கொடுத்துருங்க அம்மிணி" என்றார்.

பொட்டலப் பொருளில் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பொட்டலத்தில் 25 ரூபாய் என்று இருக்கும். அது இல்லாவிட்டால் இருட்டில் நிற்பவனிடம் அறுபதும் கேட்கலாம், எழுபதும் கேட்கலாம். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். கேட்காமலே முடிவு செய்தால் அது என் முடிவாக இருக்கும் என்று தோன்றியது. அரை மணி நேரம் கழித்து நானே அழைத்து, "ஒட்டித்தானுங்க கொடுப்போம், பழைய வெலையே போதுமுங்க" என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார் அவர்.

டிசம்பர் 4, புதன்

எங்கள் வீதி இளைஞர்கள் காடாத் துணி, போர்வை, அரிசியுடன் ஊத்தங்கரைக்கு வேன் கிளப்புகிறார்கள். அடக்க விலைக்கு 200 பொட்டலங்கள் வாங்கிக்கொண்டார்கள். நேற்று அந்தியூரக்காவே மூலையிலிருந்த சாக்கைப் பிரித்து, "இது அங்க போவட்டுமுங்க. விக்கறதில்லையே" என்றார். இரவு பத்து மணி வரை மூவரும் வடிகட்டினோம். நிறம் கொஞ்சம் பழுப்பாகத்தான் வந்தது. பெரிய அச்சில் ஊற்றி, தடித்த திரி போட்டு 90 வத்திகள். பொட்டலம் இல்லை, விலை இல்லை. தீப்பெட்டிகளோடு ஒரு மரப்பெட்டியில் அடுக்கிவிட்டோம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். எங்கள் வீட்டு வாசலிலும் அகல்விளக்குதான். மெழுகுவத்தி வரிசையில் நிற்காது. ஆனால் நாற்பது அகலுக்கும் காற்றில் தீக்குச்சி கிழிப்பது யாரால் ஆகும்? கையில் ஒரு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டுதான் வீதியில் எல்லா வீட்டிலும் ஏற்றுகிறார்கள். அதற்காகப் பக்கத்து வீடுகளில் ஒற்றை ஒற்றையாக வாங்கிப் போனார்கள். பழைய நோட்டில் பெயர் உள்ள ஒரு வீட்டுக்காரரும் வந்தார்; இரண்டு வத்தி கேட்டார், காசு கொடுத்தார், போனார். நோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

மொத்த வியாபாரி அதன்பிறகு அழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் எடுத்திருக்க வேண்டிய 22 பெட்டிகள் கொட்டகையில் இருக்கின்றன. திங்கட்கிழமை நானே கோவைக்குப் போய், ரங்கே கவுடர் வீதியிலும் பெரிய கடை வீதியிலும் கடை கடையாகக் கேட்டுப் பார்க்கிறேன். மாதிரிக்கு நான்கு பொட்டலங்களைப் பையில் எடுத்து வைத்தாயிற்று.