பழைய குடும்பப் படங்களை எதில் வைப்பது, எங்கே வைப்பது

குடும்பத்தின் பழைய புகைப்படங்களைக் காப்பாற்ற நினைப்பவர்களில் பலரும் முதலில் தேடுவது ஸ்கேனரைத்தான். ஸ்கேன் செய்வது அவசியமான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன்பாக, அந்தப் படங்கள் இப்போது எங்கே, எதனோடு ஒட்டிக் கிடக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அசல் நல்ல நிலையில் இருக்கும்வரை, இன்று எடுப்பதைவிடத் தெளிவான பிரதியை நாளை எடுத்துக்கொள்ள முடியும்; அசல் போய்விட்டால் கையில் இருக்கும் கோப்போடு எல்லாம் முடிந்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படமும் வண்ணப் படமும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவற்றில், ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களே உருவமாகத் தெரிகின்றன. ஈரமும் காற்றின் மாசும் தாக்கும்போது அந்த வெள்ளி மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிகிறது. அப்படிப்பட்ட படம் ஒன்றை விளக்கருகே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், தலைமுடி, கறுப்புக் கோட்டு போன்ற அடர்ந்த இடங்களிலும் ஓரங்களிலும் நீலம் கலந்த ஒரு பளபளப்பைக் காணலாம். வண்ணப் படத்தில் இருப்பவையோ சாயங்கள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. இருட்டிலும் வெளுக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. 1960களிலும் 70களிலும் அச்சிட்ட பல படங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தும் சிவந்துபோனதற்குக் காரணம், அவற்றின் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களைவிட விரைவாக மங்கியதுதான். வெப்பம் கூடக்கூட இந்த மாற்றமும் வேகம் பிடிக்கும். ஆகவே கூரையை ஒட்டிய பரணும், வெயில் தாக்கும் சுவரோரமும், தரையோடு தரையாக இருக்கும் இடமும் படங்களுக்கு ஆகாதவை. நாம் புழங்கும் அறையின் உட்சுவரை ஒட்டிய அலமாரியே மேல். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, 1970களிலும் 80களிலும் பரவலாக வந்த, பக்கங்களில் பசைக் கோடுகளும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஒட்டும் ஆல்பங்கள்தான். எங்கள் வீட்டில் உள்ள அத்தகைய ஆல்பம் ஒன்றில், படம் இல்லாத இடங்களில் அந்தப் பசை பழுப்புக் கோடுகளாகத் தெரிகிறது. படங்களின் முதுகிலும் அதே கோடுகள் பதிந்திருக்கின்றன. இத்தகைய ஆல்பத்திலிருந்து படத்தை ஒருபோதும் பிய்த்து எடுக்கக் கூடாது. மெழுகும் மணமும் சேர்க்காத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) இரு கைகளிலும் இழுத்துப் பிடித்து, படத்தின் ஒரு மூலையிலிருந்து அடியில் நுழைத்து, ரம்பம்போல மெல்ல அசைத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது. சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதிதான், கண்ணாடியோடு விட்டுவிடுங்கள்.

எடுத்த படங்களைப் பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைகளில் இடலாம். பி.வி.சி. உறை நாளடைவில் அமிலத்தை வெளியிடும் என்பதால் அது கூடாது. காகித உறை வாங்குவதானால், 'அமிலமற்றது' என்ற அச்சை மட்டும் நம்பாமல், உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18916 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் தேறியதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ரப்பர் பேண்ட், கிளிப், செல்லோ டேப், லேமினேஷன் நான்குமே வேண்டாம். நெகட்டிவ்களிலிருந்து வினிகர் வாடை வந்தால் அவற்றை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். படச்சுருளின் அடித்தளமான அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கியதன் அறிகுறி அது.

இவற்றுக்குப் பிறகு ஸ்கேன். அச்சுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும், முடிந்தால் தரம் குறையாமல் காக்கும் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் சேமித்து, எழுத்து ஏதேனும் இருந்தால் படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். மூன்று பிரதிகளாவது இருக்கட்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பி வைத்ததைச் சேமிப்பாகக் கருத முடியாது. வழக்கமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும்.

பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து, படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுவதை நான் ஸ்கேன் செய்வதற்கு இணையான வேலையாகவே கருதுகிறேன். பழைய காகிதப் படமாக இருந்தால், கெட்டியான பரப்பின் மேல் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிந்தையகாலத் தாளில் பென்சில் பிடிக்காது; அதற்கு உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஏறத்தாழ எந்த ஆண்டு, சொன்னவர் யார் என்ற இவ்வளவும் இருந்தால் போதும். அவர்கள் தயங்கிச் சொன்ன பெயரின் அருகே ஒரு கேள்விக்குறி இட்டுவைத்தால், வேறொருவர் பின்னால் அதைத் திருத்த வழியிருக்கும்.